ஒரே மூச்சில் பாட முடியாத வரி

நான் பாடிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது.

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்குச் சில வருடங்கள் ஆகியிருக்கின்றன. சபைகளில் சாட்சி சொல்லச் சொன்னபோதெல்லாம் "ஆண்டவர் சுகம் கொடுத்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நடந்ததை முழுவதும் சொல்லத் தொடங்கினால் அந்த நாளின் அதிர்ச்சி திரும்பவும் என்மேல் ஏறிக்கொள்ளும். இப்போது சொல்கிறேன். சொல்லாமல் இருப்பது நன்றி கெட்ட செயல் என்று தோன்றுகிறது.

என் பெயர் எஸ்தர். ஊர் ஆம்பூர். என் கணவர் தேவராஜ் கீபோர்டு வாசிப்பார், பாட்டும் எழுதுவார். நான் பாடுவேன். திருமணமான நாள்முதல் எங்களுக்கு இதுதான் ஊழியம், இதுதான் பிழைப்பு. கன்வென்ஷன் கூட்டங்கள், சபை ஆண்டுவிழாக்கள், உபவாசக் கூட்டங்கள் என்று வருடத்தில் பாதி நாட்கள் வேனில்தான் கழியும். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார், சில சமயம் மும்பை வரைக்கும் போவோம். ஸ்பீக்கர் பெட்டிமேல் தலையை வைத்துத் தூங்குவேன். ஃபிளாஸ்கில் வெந்நீர், பையில் பனங்கல்கண்டு, மிளகு. இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு மேடை ஏறிவிடுவேன். அந்த வாழ்க்கை எனக்குப் பிடிக்கும்.

2020 மார்ச்சில் கோலார் பக்கம் மூன்று நாள் கூட்டத்துக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் போதகர் வந்து, "எல்லாம் கேன்சல், சீக்கிரம் ஊர் போய்ச் சேருங்க" என்றார். அன்று வேனிலிருந்து இறக்கிய பெட்டிகள் நெடுநாள் எங்கள் வீட்டு நடையிலேயே கிடந்தன.

எல்லோரையும் போல நாங்களும் ஆன்லைனுக்கு வந்தோம். முன் அறைச் சுவரில் ஒரு நீலப் போர்வையைக் கட்டி, ஸ்டாண்டில் போனை வைத்து, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நேரலை. முதல் மாதம் பார்க்க நிறைய பேர் வந்தார்கள். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் "அல்லேலூயா" என்று எழுதினார்கள். மேடையில் பாடும்போது எதிரே முகங்கள் இருக்கும். ஒருவர் அழுவார், ஒருவர் கைதட்டுவார், பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கும். போனில் அது எதுவும் இல்லை. மூலையில் ஒரு கண் படம். அதன் பக்கத்தில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பாட வேண்டும்.

எண் குறைந்துகொண்டே வந்தது. ஆளாளுக்கு நேரலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் இரண்டாம் அலை வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேருக்குத்தான் பாடிக்கொண்டிருந்தோம். அதிலும் இரண்டு பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

2021 மே மாதம் முதல் வாரத்தில் எங்கள் குழுவில் தபலா வாசித்த அண்ணன் கொரோனாவில் இறந்துபோனார். எத்தனையோ மேடைகளில் என் இடதுபக்கம் உட்கார்ந்து வாசித்தவர். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. யாரோ கல்லறையிலிருந்து அனுப்பிய வீடியோவைத்தான் பார்த்தோம். முழுக்கவசம் போட்ட நான்கு பேர் கயிற்றில் இறக்கினார்கள். ஒரு பாட்டுகூட இல்லை. ஊரெல்லாம் பாட்டுக்கு வாசித்த மனிதர் பாட்டில்லாமல் மண்ணுக்குள் போனார்.

அன்று சாயங்காலமும் பாடினேன். அழுதுகொண்டே பாடினேன். ஒரே ஒரு கமெண்ட் வந்தது. "சிஸ்டர், ஆடியோ சரியில்லை."

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் இது நடந்தது. அந்த வாரம் எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போயிருந்தது. மாத்திரை போட்டதும் விட்டுவிட்டது. உடம்பு அசதியாக இருந்தது. அண்ணன் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டு இருந்தவள் திடீரென்று கையை உதறிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முழங்காலில் நிற்கத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்தபடியே ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

"ஆண்டவரே, நான் பாடுறத நெஜமாவே யாராவது கேக்குறாங்களா? ஒருத்தராவது? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. இன்னியோட விட்டுர்றேன்."

இதுதான் என் ஜெபம். துதி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. எழுந்து அரிசியை உலையில் போட்டேன்.

ஆறு மணிக்கு நேரலை தொடங்கியது. அது ரம்ஜான் நோன்பு மாதம். பக்கத்து வீட்டில் இக்பால் பாய் குடும்பம் நோன்பு திறக்கத் தயாராகும் பாத்திரச் சத்தம் கேட்டது. இக்பால் பாய் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கதவுக்குக் கதவு இருபது வருடப் பழக்கம்.

தேவராஜ் எழுதிய ஒரு பாட்டை எடுத்தேன். "எங்கெங்கே நான் போனாலும் எனக்கு முன்னே போய் நிற்பவரே" என்று பல்லவி தொடங்கும். நாங்கள் ஊர் ஊராகப் போகிற வாழ்க்கைக்காக அவர் எழுதியது. அந்த வரியை மூச்சு விடாமல் இழுத்துப் பாடினால்தான் அழகு. நான் எப்போதும் அப்படித்தான் பாடுவேன்.

பாதிப் பாட்டில் ஒரு கமெண்ட் வந்தது. "அக்கா பாட்டை நிறுத்துங்க ப்ளீஸ்." எழுதியவர் பெயர் மெர்சி என்று இருந்தது.

எனக்குக் கோபம் பொங்கியது. கேட்டதற்குப் பதிலா இது, ஆண்டவரே? நிறுத்து என்கிறீர்களா? நான் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகப் பாடினேன். மறுபடியும் வந்தது. "இப்பவே நிறுத்துங்க அக்கா."

ஜெப விண்ணப்பங்களுக்காகத் தேவராஜின் நம்பரை எங்கள் பக்கத்தில் போட்டிருந்தோம். அவருடைய போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பாட்டின் நடுவே அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, அக்கா பக்கத்துல இருக்காங்களா? நான் மெர்சி பேசறேன். வேலூர்ல ஸ்டாஃப் நர்ஸ். அக்காவுக்கு மூச்சு வாங்குது."

"இல்லம்மா. நான் நல்லாத்தான இருக்கறேன்?" என்றேன்.

"நீங்க நல்லால்ல அக்கா. அந்த முதல் வரிய நீங்க எப்பவும் ஒரே மூச்சுல பாடுவீங்க. இன்னிக்கி நாலு தடவ மூச்சு எடுத்தீங்க. பழைய வீடியோவ மறுபடியும் போட்டுப் பாத்துட்டுத்தான் கூப்புடறேன். உங்க தோள் ரெண்டும் எவ்ளோ வேகமா ஏறி எறங்குது தெரியுமா? வீட்ல ஆக்ஸிமீட்டர் இருக்குதா?"

இல்லை. தேவராஜ் வெளியே ஓடினார். அந்தச் சமயம் ஆம்பூரில் பள்ளிவாசல் ஜமாத்துப் பிள்ளைகள் ஆக்ஸிஜன் சிலிண்டர்களைத் தேடிப் பிடித்து வீடு வீடாகக் கொடுத்து உதவிக்கொண்டிருந்தார்கள். இக்பால் பாய் அவர்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தவர். விரலில் மாட்டுகிற அந்தச் சின்ன மெஷின் அவரிடம் இருந்தது. இரட்டை மாஸ்க்கோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, உதடெல்லாம் இப்புடி நீலமா இருக்குது?"

மெஷினை என் விரலில் மாட்டினார். சற்று நேரம் ஒன்றும் காட்டவில்லை. பிறகு சிவப்பில் எழுபத்தொன்று என்று வந்தது.

"மெஷின் பேஜார் ஆயிடுச்சி போல" என்றார் பாய். கழற்றித் தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றேழு. தேவராஜ் விரலில் தொண்ணூற்றெட்டு. எங்கள் மூவருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. மறுபடி என் விரலில் மாட்டினார்.

எழுபது.

போனில் மெர்சிதான் கேட்டாள்.

"எவ்ளோண்ணா காட்டுது? அண்ணா, எவ்ளோ?"

தேவராஜ் சொன்னார். அந்தப் பெண் குரலே மாறிப்போய்ப் பேசினாள். "அக்காவ நடக்க வுடாதீங்க. பேச வுடாதீங்க. சிலிண்டர் கெடச்சா போட்டு ஒடனே வேலூர் கொண்டாங்க. நான் உள்ள சொல்லி வெக்கிறேன்."

எனக்கு ஒரு வலியும் இல்லை. மூச்சுத் திணறல் என்று சொல்கிறார்களே, அதுவும் தெரியவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு இன்னும் உலை வைக்கவில்லையே என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் விரலில் இருந்த எண் நான் இன்னும் சில மணி நேரத்தில் இல்லாமல் போய்விடுவேன் என்றது. என் உடம்பை நம்புவதா, எண்ணை நம்புவதா? அந்தத் திகைப்பை என்னால் விளக்கவே முடியாது. என் மூச்சைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று வாழ்ந்தவள் நான்.

ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. இக்பால் பாய் தன் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் ஏற்றுகிற வேனை வாங்கி வந்தார். ஜமாத்துப் பிள்ளைகள் ஒரு சிலிண்டரைத் தூக்கி வைத்தார்கள். நோன்பு திறக்கிற நேரம். உள்ளேயிருந்து அவர் மனைவி நசீமா, "ஒரு வாய் கஞ்சி குட்ச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டார்.

வேனுக்குள் தோல் கட்டுகளுக்கு நடுவே என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தேவராஜ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. தோல் வாசனை வரவில்லை. தோல் பதனிடும் ஊரான ஆம்பூரில் பிறந்தவளுக்கு அந்த வாசனை இல்லாமல் ஒரு நாளும் கிடையாது. கொஞ்ச நாளாக அது இல்லாததைக் கவனித்திருந்தேன். கம்பெனிகளை மூடிவிட்டார்கள், அதனால்தான் வரவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது தோல்மேலேயே சாய்ந்திருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அந்த நிமிடம்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

மாவட்ட எல்லையில் போலீஸ் நிறுத்தினார்கள். பாய் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து காட்டினார். டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அந்த இளம் போலீஸ்காரர் ஒன்றும் கேட்காமல் தடுப்பை இழுத்துவிட்டார். அந்த இடத்தில்தான் பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அன்றைய நோன்பை எனக்காக அவர் நெடுஞ்சாலையில் திறந்தார்.

பள்ளிகொண்டா தாண்டும்போது மெர்சி மறுபடி கூப்பிட்டாள். படுக்கை எதுவும் காலியில்லை என்றாள். "ஆனா வந்துகினே இருங்கண்ணா. நிக்காதீங்க."

தேவராஜ் கூட்டத்தில் பேசவே மாட்டார். மேடையில் மைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார். அந்த மனிதர் ஓடும் வேனில் எங்கள் பக்கத்தைத் திறந்து நேரலையில் வந்தார். "எஸ்தருக்கு ரொம்ப முடியல. ஜெபம் பண்ணுங்க. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பிறகு அப்படியே போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர் கவனிக்கவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது வெளியே வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அங்கே டியூட்டியில் இருந்த தன் தோழியிடம் மெர்சி சொல்லி வைத்திருந்தாள். அந்த நர்ஸ் வெளியே வந்து என்னைப் பார்த்தார், உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வீல்சேர் வந்தது. சிகிச்சை முடிந்த ஒருவரை அப்போதுதான் வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்களாம். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டர் தேவராஜிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் வீட்ல இருந்திருந்தா கஷ்டம்."

இரண்டு மணி நேரம் என்றால் என்ன? நேரலையை முடித்து, சாப்பிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்திருப்பேன். அவ்வளவுதான்.

உள்ளே கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பாடுவது இருக்கட்டும், "தண்ணி" என்று சொல்லவே இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. அடுத்த படுக்கையில் பேரணாம்பட்டைச் சேர்ந்த ஷகீலா என்ற அம்மா இருந்தார். நான் பாடுகிறவள் என்று நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் என் பக்கம் திரும்பி, "நல்லானதும் எனக்கு ஒண்ணு பாடும்மா" என்றார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். மறுநாள் கண்விழித்தபோது அந்தப் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டிலும் ஐந்து வேளை தொழுதிருப்பார்கள். எங்கள் தபலா அண்ணன் வீட்டிலும் முழங்கால் தேய ஜெபித்தார்கள். நான் ஏன் பிழைத்தேன், அவர்கள் ஏன் போனார்கள்? சகோதரரே, சகோதரியே, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேச மாட்டேன். இந்தக் கேள்வியையும் ஆண்டவர் பாதத்தில்தான் வைத்திருக்கிறேன். எனக்குச் செய்ததை மட்டும் என்னால் மறைக்க முடியாது.

வீடு திரும்பினேன். நடையில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. நசீமா தினமும் சூப் வைத்துக் கொடுத்துவிடுவார். வாசனை மெல்ல மெல்லத் திரும்பியது. குரலும் வந்தது. பழைய மூச்சு மட்டும் வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் வேலூருக்குப் போய் மெர்சியைப் பார்த்தோம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். மெலிந்த உடம்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"எப்பிடிம்மா அவ்ளோ கவனமா கேட்ட?"

"எனக்கு வேற வேலை இல்லக்கா" என்றாள். "எனக்கும் பாசிட்டிவ். ஹாஸ்டல் ரூம்ல பூட்டிக்கினு இருந்தேன். அதுக்கு முன்னாடி வார்டுல என் டியூட்டியிலயே எத்தன பேர் போய்ட்டாங்கன்னு நெனச்சிப் பாக்கவே பயமா இருக்குது. ஒருத்தரையும் என்னால நிறுத்த முடியல. ரூம்ல படுத்தா அவங்க மூச்சு சத்தம்தான் காதுல கேக்கும். அந்த சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான் உங்க பாட்டப் போட்டுக்கினு இருப்பேன். அந்த வரிய ஒரு நாளைக்கு எத்தன தடவ கேட்டிருப்பேனோ."

டீ கிளாஸைக் கையில் உருட்டினாள்.

"அன்னிக்கி மத்தியானம் ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன்க்கா. 'ஒருத்தர, ஒரே ஒருத்தர என் கையால காப்பாத்த வுடுங்க. இல்லாட்டி நான் இந்த வேலய வுட்டுட்டு ஊருக்குப் போய்ட்றேன்'னு அழுதேன். சாயங்காலம் உங்க நேரலை வந்துச்சி."

நான் தேவராஜைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி கழுவும்போது கேட்ட ஜெபத்தை அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த டீக்கடையில்தான் இரண்டு பேரிடமும் சொன்னேன். என்னை ஒருவராவது கேட்கிறார்களா என்று நான் கேட்டேன். ஒருவரையாவது காப்பாற்ற விடும் என்று அவள் கேட்டாள். ஒரே மத்தியானம். ஒரே சண்டை. அவள் ஒரு பூட்டிய அறையில், நான் ஓர் அடுப்படியில். எங்கள் இருவரையும் அறிந்திருந்தவர் ஒருவர்தான்.

மெர்சி பெஞ்சிலிருந்து எழுந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று அழுதாள். டீக்கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவள் வேலையை விடவில்லை. இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறாள். நானும் பாடுவதை விடவில்லை. ஆனால் முன்போல இல்லை. தினமும் சாயங்காலம் நோயாளிகளுக்காக, போனில் ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுப் பாடுகிறேன். ஷகீலாம்மாவின் மகளுக்கும் ஒருமுறை பாடினேன். முடிந்ததும் போனை வைத்துவிடுவாளோ என்று நினைத்தேன். "இன்னொண்ணு பாடுங்க ஆன்ட்டி" என்றாள்.

தேவராஜ் இப்போது வாசிக்கும்போது கீபோர்டின் கட்டைகளைப் பார்ப்பதில்லை. என் தோளைத்தான் பார்க்கிறார்.

போன மாதம் திருப்பத்தூரில் ஒரு சபையின் ஆராதனைக்குப் போயிருந்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு அந்தப் பாட்டை எடுத்தேன். "எங்கெங்கே நான் போனாலும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மூச்சுக்காக நின்றேன். அவமானமாக இருக்கும் என்றுதான் பயந்தேன். ஆனால் நான் விட்ட இடத்திலிருந்து சபை முழுவதும் எடுத்துக்கொண்டது. "எனக்கு முன்னே போய் நிற்பவரே" என்று ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் பாடினார்கள். நான் மைக்கைப் பிடித்தபடி, நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

இதை வாசிக்கிற நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஜெபிக்க வார்த்தை வராமல் இருக்கலாம். கோபம் மட்டுமே மிச்சமிருக்கலாம். அந்தக் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஆமென் சொல்ல மறந்த என் சண்டையை அவர் தள்ளிவிடவில்லை. உங்களுடையதையும் தள்ளமாட்டார். கேளுங்கள். இன்றே கேளுங்கள்.